அத்தியாயம் 7: ஒபாசிட்டியைக் கைக்குள் கொண்டுவருவது எப்படி?

சென்ற அத்தியாயத்தில் கோட்டோவியத்தை முடித்து, அதைத் தனி லேயரில் வைத்துவிட்டோம். இனி நிறம். டிஜிட்டல் ஓவியத்தில் புதிதாக நிறம் தீட்டுபவர்களின் படங்கள் இரண்டு விதமாகக் கெடுகின்றன. ஒன்று, எல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக நிற்கும். இன்னொன்று, எல்லாம் புகை மூடியதுபோல் மங்கிக் கிடக்கும். இரண்டுக்குமே பெரும்பாலும் ஒரே காரணம்: பிரஷ்ஷின் ஒபாசிட்டி எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் தீட்டுவது.

இந்த அத்தியாயத்தின் பயிற்சிப் படத்துக்குப் பாப்பிரெட்டிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். முள்ளிக்காடு பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்தில் வாணியாறு அணை இருக்கிறது. பின்னால் அடுக்கடுக்காக மலை, நடுவில் நீர், கரை. அதற்கு முன்னால், தை, மாசியில் இந்த வட்டாரத்துக் களங்களில் காயும் மஞ்சள் குவியலையும் சேர்த்துக்கொள்வோம். நேரில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. படத்துக்காக ஒரே சட்டத்தில் கொண்டுவருகிறோம். தூரத்து மூட்டம், நீரில் விழும் பிம்பம், மஞ்சளின் நிழல் என ஒபாசிட்டி தேவைப்படும் மூன்று வேலைகளும் இந்த ஒரே படத்தில் வந்துவிடும்.

தேவையானவை

• கணினியில் வரைபவர்களுக்குக் கிரிட்டா அல்லது கிம்ப். இரண்டுமே இலவசம். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்.
• போனில் வரைபவர்களுக்கு ஐபிஸ்பெயின்ட். ஐபேட் இருந்தால் புரோகிரியேட்.
• அழுத்தம் உணரும் பேனா இருந்தால் நல்லது. மவுஸ், விரல், சாதாரண ரப்பர் முனைப் பேனா எதுவானாலும் இந்த அத்தியாயத்தைச் செய்து முடிக்கலாம்.
• கேன்வாஸ் அளவு: அச்சுக்குப் போவதானால் ஏ4 தாளுக்கு 300 டிபிஐ, அதாவது 2480 × 3508 பிக்சல். பயிற்சிக்கு 1600 × 1200 போதும்.

குறிப்பு: ஏ4 அளவில் முழுதாக நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். நம் படத்துக்கு ஒன்பது லேயர் வேண்டும். பழைய மடிக்கணினியோ குறைந்த ரேம் உள்ள போனோ திணறினால், சிறிய கேன்வாஸிலேயே பழகுங்கள். பிரஷ் கையைவிட ஒரு கணம் பிந்தி ஓடினால் ஒபாசிட்டியைப் பழகவே முடியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு: மூன்றே செய்தி

1. பிரஷ் ஒபாசிட்டி என்பது ஒரு தீற்றல் அடியிலுள்ள நிறத்தை எவ்வளவு மறைக்கும் என்பதற்கான உச்சவரம்பு. 100 என்றால் முழுதும் மறைக்கும். 40 என்றால் புது நிறம் 40 பங்கு, அடிநிறம் 60 பங்கு.

2. ஃப்ளோ என்பது ஒரே தீற்றலுக்குள் நிறம் எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பது. இந்த அத்தியாயம் முழுவதும் ஃப்ளோவை 100-இலேயே விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால், எது எதைச் செய்தது என்று பிடிபடாது.

3. லேயர் ஒபாசிட்டி வேறு, பிரஷ் ஒபாசிட்டி வேறு. லேயர் ஒபாசிட்டி அந்த லேயரில் இருக்கும் மொத்தத்தையும் ஒரே சீராக மங்கச் செய்யும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிரஷ் ஒபாசிட்டியோ தீட்டிய கணத்தோடு படத்தில் பதிந்துவிடும்.

பேனாவைத் தூக்கி மறுபடி தீட்டினால் என்ன ஆகும்? பலர் 40-ஐ இரண்டு முறை தீட்டினால் 80 என்று நினைக்கிறார்கள். அது 64தான். இரண்டாவது தீற்றல், மீதமிருக்கும் 60-இல் 40 பங்கை மட்டுமே மறைக்கிறது. சதவீதக் கணக்கு இதோ:

• ஒபாசிட்டி 15: ஒரு தீற்றலில் 15, இரண்டில் 28, மூன்றில் 39, நான்கில் 48, ஐந்தில் 56.
• ஒபாசிட்டி 25: முறையே 25, 44, 58, 68, 76.
• ஒபாசிட்டி 40: முறையே 40, 64, 78, 87, 92.
• ஒபாசிட்டி 50: முறையே 50, 75, 88, 94, 97.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். முதல் இரண்டு தீற்றலில்தான் பெரிய மாற்றம் நடக்கிறது. 40-இல் நான்கு முறைக்கு மேல் தீட்டுவது வீண் வேலை. அவ்வளவு அடர்த்தி வேண்டுமென்றால் 100-இல் ஒரே தீற்றல் போதும்.

எந்தச் செயலியில் எங்கே இருக்கிறது?

கிரிட்டா: மேல்பட்டையில் ஒபாசிட்டி நகர்த்தி இருக்கிறது. விசைப்பலகையில் 'ஐ' எழுத்து குறைக்கும், 'ஓ' எழுத்து கூட்டும். எஃப்5 அழுத்தினால் பிரஷ்ஷின் முழு அமைப்பும் திறக்கும்.

ஃபோட்டோஷாப்: பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசையை அழுத்துங்கள். 4 அழுத்தினால் 40, 1 அழுத்தினால் 10, 0 அழுத்தினால் 100. 1, 5 இரண்டையும் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் 15.

கிம்ப்: கருவியின் அமைப்புப் பலகையில் ஒபாசிட்டி இருக்கும். அதே பலகையில் 'இன்கிரிமென்டல்' என்ற கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விடுங்கள்.

ஐபிஸ்பெயின்ட்: திரையின் அடியில் இரண்டு நகர்த்திகள். ஒன்று பிரஷ்ஷின் தடிமன், மற்றது ஒபாசிட்டி.

புரோகிரியேட்: பக்கவாட்டுப் பட்டையில் மேலே உள்ளது அளவு, கீழே உள்ளது ஒபாசிட்டி.

எச்சரிக்கை: போன் செயலிகளில் இந்த இரண்டு நகர்த்திகளும் அருகருகே இருப்பதால் விரல் தவறி ஒன்றுக்குப் பதில் மற்றது நகர்ந்துவிடும். ஒவ்வொரு புதுப் பகுதியைத் தொடங்கும் முன்பும் எண்ணை ஒரு முறை பாருங்கள்.

உங்கள் பிரஷ் எந்த வகை? ஒரு நிமிடச் சோதனை

எல்லா பிரஷ்ஷும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வேலை தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

1. காலியான ஒரு கேன்வாஸைத் திறந்து, அடர்நீலத்தை எடுங்கள். ஒபாசிட்டியை 40-இல் வையுங்கள்.
2. பேனாவைத் தூக்காமல் எட்டு என்ற எண்ணை வரையுங்கள்.
3. கோடு தன்னைத் தானே வெட்டும் இடத்தைப் பாருங்கள்.
4. அந்த இடம் அடர்ந்திருந்தால், உங்கள் பிரஷ் ஒரே தீற்றலுக்குள்ளேயே நிறத்தைச் சேர்க்கும் வகை. அடரவில்லையென்றால், ஒரு தீற்றலுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும் வகை.

பழகுபவர்களுக்கு இரண்டாவது வகைதான் ஏற்றது. பேனாவைத் தூக்கும்வரை எவ்வளவு முறை முன்னும் பின்னும் தேய்த்தாலும் நிறம் 40-ஐத் தாண்டாது. நிறம் எப்போது கூட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்கிறீர்கள். கிரிட்டாவில் பிரஷ் அமைப்பைத் திறந்து, பெயின்டிங் மோடை 'வாஷ்' என்று மாற்றினால் இந்த வகை கிடைக்கும். 'பில்ட் அப்' என்பது முதல் வகை.

கை பழகும் பயிற்சி: மூன்று எண்கள்

ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள் இருந்தாலும், தொடக்கத்தில் மூன்று எண்களே போதும்.

100: அடிநிறம், கூர்மையான ஒளிப்புள்ளி.
40: நிழல், வடிவம் காட்டுவது.
15: மூட்டம், பூச்சு, நிறங்களை ஒன்றோடொன்று இணைப்பது.

பயிற்சி இப்படி:

1. 100-இல் ஒரு வெளிர்நிறப் பட்டை தீட்டுங்கள். இடமிருந்து வலம் ஐந்து கட்டங்களாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்.
2. ஒபாசிட்டியை 40-க்குக் குறையுங்கள். அடர்நிறத்தை எடுத்து, முதல் கட்டத்தைத் தவிர மற்ற நான்கையும் ஒரே தீற்றலில் மூடுங்கள்.
3. பேனாவைத் தூக்குங்கள். இரண்டாவது தீற்றலில் கடைசி மூன்று கட்டங்களை மூடுங்கள். அடுத்து கடைசி இரண்டு. பிறகு கடைசி ஒன்று.
4. இப்போது ஐந்து படிநிலைகள் தெரியும். அதே பயிற்சியை 15-இல் இன்னொரு பட்டையில் செய்யுங்கள். படிகளின் இடைவெளி எவ்வளவு சிறிதாகிவிட்டது என்று ஒப்பிடுங்கள்.

குறிப்பு: ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்ப ஓவியங்கள் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். கல்லின் திரட்சி நிழல் படிகளால் எப்படி எழும்புகிறது என்று கவனியுங்கள். அந்தப் படிகளைத்தான் இங்கே எண்களால் பிடிக்கப் பார்க்கிறோம்.

படத்தைத் தீட்டுவோம்

லேயர்களைக் கீழிருந்து மேலாக இப்படி அடுக்குங்கள்: வானம், தூரத்து மலை, அருகு மலை, நீர், கரையும் களமும், மஞ்சள் குவியல், விழும் நிழல், ஒளி, கோட்டோவியம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். 'லேயர் 6', 'லேயர் 7' என்று விட்டுவிட்டால் பாதி வேலையில் தவறான லேயரில் தீட்டுவீர்கள்.

படி 1: அடிநிறம், ஒபாசிட்டி 100

ஒவ்வொரு பகுதிக்கும் அதன் நடுத்தர நிறத்தை, ஒளியோ நிழலோ சேர்க்காமல், 100-இல் முழுதாக நிரப்புங்கள். ஓரங்களில் ஓட்டை விழாமல் பாருங்கள்.

இங்கே 90, 95 என்று வைத்துவிடாதீர்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அடிநிறம் கொஞ்சம் ஊடுருவித் தெரிந்தால், கீழே உள்ள லேயரில் பிற்பாடு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் மேலே கசியும். நீர் லேயரின் வழியாக மலையின் ஓரக்கோடு தெரிவதும், மஞ்சள் குவியலுக்குள் களத்தின் விளிம்பு ஓடுவதும் இதனால்தான்.

படி 2: எல்லையைப் பூட்டுதல்

நிறம் நிரப்பிய லேயர்களில் ஆல்பா லாக்கைப் போடுங்கள். இனி அந்த லேயரில் என்ன தீட்டினாலும் ஏற்கெனவே நிறம் உள்ள இடத்தைத் தாண்டாது. ஐபிஸ்பெயின்டில் மேலே புதிய லேயர் போட்டு அதைக் கிளிப்பிங் செய்வது இன்னும் நல்லது. பிடிக்காவிட்டால் அந்த லேயரை மட்டும் அழித்துவிடலாம்.

படி 3: தூரத்து மலையின் மூட்டம், ஒபாசிட்டி 15

பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தென்மேற்கே சேர்வராயன் மலை இருப்பதால், மாலையில் சூரியன் மலைப்பக்கமே இறங்குகிறது. அப்போது மலையின் முகம் நிழலில் போய், மடிப்புகள் கரைந்து, தட்டையான நீலச் சாம்பலாகத் தெரியும். அந்த நேரத்தைத்தான் வரைகிறோம்.

1. வானத்தின் அடிப்பகுதி நிறத்தைக் கலர் பிக்கரால் எடுங்கள். கிரிட்டாவில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி தொட்டால் நிறம் வரும்.
2. பெரிய மென்மையான பிரஷ்ஷை எடுத்து, ஒபாசிட்டியை 15-இல் வையுங்கள்.
3. தூரத்து மலையின் அடிவாரத்தில் கிடைமட்டமாக நான்கு தீற்றல். ஒவ்வொன்றுக்கும் பேனாவைத் தூக்குங்கள்.
4. மலையின் நடுப்பகுதியில் இரண்டு தீற்றல்.
5. முகட்டைத் தொடாதீர்கள். முகட்டின் கோடு கூர்மையாக நின்றால்தான் மலை மலையாக இருக்கும்.
6. அருகு மலையின் அடிவாரத்தில் ஒரே ஒரு தீற்றல்.

மூட்டத்துக்கு வெள்ளையை எடுக்க வேண்டாம். வெள்ளை தீட்டினால் மலை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். தூரத்தில் மலையை மூடுவது வானத்தின் நிறம்தான்.

படி 4: அருகு மலையின் மடிப்புகள், ஒபாசிட்டி 40

அடிநிறத்தைவிட அடர்ந்த, கொஞ்சம் நீலம் சாய்ந்த பச்சையை எடுங்கள். ஓடைகள் இறங்கும் பள்ளங்களில் ஒரு தீற்றல். அதற்குள்ளே ஆழமான இடங்களில் மட்டும் இரண்டாவது தீற்றல். மூன்றாவது வேண்டாம். அருகு மலையின் நிழல் முன்புறத்துக் களத்தின் நிழலைவிட அடர்ந்துவிட்டால், மலை முன்னுக்கு வந்துவிடும்.

படி 5: நீரும் பிம்பமும், 40 பிறகு 15

1. அருகு மலையின் நிறத்தை எடுத்து, நீரில் மேலிருந்து கீழாக 40-இல் தீட்டுங்கள். மலை எங்கே உயர்ந்திருக்கிறதோ, அதற்கு நேர் கீழே பிம்பமும் நீள வேண்டும்.
2. வானத்தின் நிறத்தை எடுத்து, 15-இல் குறுக்காக மெல்லிய தீற்றல்கள் போடுங்கள். எல்லா இடத்திலும் சமமாக அல்ல. கரையை நெருங்க நெருங்க அதிகம், நடுவில் குறைவு.
3. பிம்பம் மலையைவிடத் தெளிவாக இருந்தால், இன்னும் ஒரு சுற்று 15-இல் தீட்டி மங்கச் செய்யுங்கள்.

நீர் இறங்கியிருக்கும் மாதத்தை வரைவதானால், நீருக்கும் செடிகொடிக்கும் நடுவே வெறும் மண்பட்டை ஒன்று தெரியும். அதை 100-இல் கூர்மையாகவே விடுங்கள். படத்தில் மென்மையும் கூர்மையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டும் தெரியும்.

படி 6: மஞ்சள் குவியல், ஒபாசிட்டி 40

படத்திலேயே கடினமான இடம் இது. நிழல் என்றதும் கை கறுப்பைத் தேடும். மஞ்சளின்மேல் கறுப்பைத் தீட்டினால் நிழல் வராது. பாசி பிடித்ததுபோல் ஆகும். எண்களால் பார்ப்போம்.

வேகவைத்துக் காயவைத்த மஞ்சளுக்கு அடிநிறமாகச் சிவப்பு 240, பச்சை 180, நீலம் 30 வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கறுப்பை 40-இல் தீட்டினால் கிடைப்பது 144, 108, 18. அழுக்கான ஆலிவ் நிறம். கறுப்புக்குப் பதில் செங்காவிப் பழுப்பை, அதாவது 150, 70, 20 என்ற நிறத்தை, அதே 40-இல் தீட்டுங்கள். முதல் தீற்றலில் 204, 136, 26. இரண்டாவது தீற்றலில் 182, 110, 24. நிழல் வந்துவிட்டது, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. கலர் பிக்கரால் தொட்டுப் பார்த்தால், ஓரிரு எண் வித்தியாசத்தில் இதே அளவு காட்டும்.

இப்போது குவியலைத் தீட்டும் வரிசை:

1. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவுசெய்து, ஒரு சிறு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மாலை என்பதால் மலைப்பக்கத்திலிருந்து வரட்டும்.
2. குவியலின் ஒளிபடாத பாதியைச் செங்காவிப் பழுப்பால் 40-இல் ஒரே தீற்றலில் மூடுங்கள். நடுவில் பேனாவைத் தூக்கிவிட்டால் தீற்றல் மேல் தீற்றல் விழுந்த இடம் வரியாகத் தெரியும்.
3. அடிப்பகுதியில் இரண்டாவது தீற்றல்.
4. ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில், நடுவில் உள்ள நிறத்தைப் பிக்கரால் எடுத்து, 15-இல் இரண்டு மூன்று தீற்றல் போட்டு இணையுங்கள்.
5. சிறிய பிரஷ், 100. மேற்பரப்பில் பத்துப் பன்னிரண்டு விரலிகளை மட்டும் தெளிவாக வரையுங்கள். எல்லா விரலிகளையும் வரையத் தேவையில்லை. மற்றவற்றைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

படி 7: தரையில் விழும் நிழல், பிரஷ் 100, லேயர் 45

இந்த ஓர் இடத்தில் பிரஷ் ஒபாசிட்டியை விட்டு லேயர் ஒபாசிட்டிக்குப் போங்கள். நிழல் லேயரை மல்டிப்ளை மோடுக்கு மாற்றுங்கள். ஊதா சாய்ந்த சாம்பல் நிறத்தால் குவியலின் நிழலையும் கரையின் நிழலையும் 100-இல் வரைந்து நிரப்புங்கள். பிறகு லேயர் ஒபாசிட்டியை 45 அளவுக்கு இறக்குங்கள்.

இப்படிச் செய்தால் இரண்டு நன்மை. நிழல் எங்கும் ஒரே அடர்த்தியில் இருக்கும். தீற்றல் மேல் தீற்றல் விழுந்த வரிகள் வராது. நாளைக்குப் பார்த்து நிழல் கனமாகத் தோன்றினால், நகர்த்தியை இழுத்தால் போதும்.

படி 8: ஒளி, ஒபாசிட்டி 100

குவியலின் உச்சியில், நீரின் விளிம்பில், கரையின் ஓரத்தில் சில புள்ளிகள் மட்டும். ஒளியை 15-இல் பரப்பினால் படம் பால் படிந்ததுபோல் வெளுக்கும்.

படி 9: கறுப்பு வெள்ளைச் சோதனை

படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, போன் கேலரியில் கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்கள். தூரத்து மலை, அருகு மலை, முன்புறம் மூன்றும் தனித்தனி அடர்த்தியில் தெரிகின்றனவா? இரண்டு ஒன்றோடொன்று கலந்துவிட்டால், தூரத்து மலைக்கு 15-இல் இன்னொரு மூட்டச் சுற்று கொடுங்கள்.

பேனா அழுத்தம் உள்ளவர்களுக்கு

அழுத்தம் உணரும் பேனா இருந்தால், அழுத்தம் எதை மாற்ற வேண்டும் என்று நீங்கள் தேர்வுசெய்யலாம்: அளவை, ஒபாசிட்டியை, அல்லது இரண்டையும். கிரிட்டாவில் 'பேசிக்-5 சைஸ்' என்ற பிரஷ் அழுத்தத்துக்கு ஏற்ப அளவை மாற்றும். 'பேசிக்-2 ஒபாசிட்டி' அடர்த்தியை மாற்றும்.

1. முதலில் அழுத்தம் அளவை மட்டும் மாற்றும் பிரஷ்ஷால் மேலே சொன்ன படத்தை முடியுங்கள்.
2. இரண்டாவது படத்தில் அழுத்தத்தை ஒபாசிட்டிக்குக் கொடுங்கள். நகர்த்தியில் 40 வைத்தால், முழு அழுத்தத்தில் 40, மெல்லத் தொட்டால் அதைவிடக் குறைவு. நகர்த்தியில் உள்ள எண் இங்கேயும் உச்சவரம்புதான்.
3. எவ்வளவு அழுத்தினாலும் உச்சத்தை எட்டவில்லையென்றால், கையைக் குறை சொல்லாதீர்கள். அமைப்புகளில் அழுத்த வளைகோட்டை மேல்நோக்கி வளையுங்கள். குறைந்த அழுத்தத்திலேயே முழு அடர்த்தி கிடைக்கும்.

வழக்கமான தவறுகளும் தீர்வும்

தவறு: தீற்றல் மேல் தீற்றல் விழுந்த வரிகள் படம் முழுதும் தெரிகின்றன.
காரணம்: குறைந்த ஒபாசிட்டியில் பெரிய பரப்பைத் துண்டு துண்டாகத் தீட்டியது.
தீர்வு: பெரிய பிரஷ், ஒரே தீற்றல். அல்லது தனி லேயரில் 100-இல் தீட்டி லேயர் ஒபாசிட்டியைக் குறையுங்கள்.

தவறு: எவ்வளவு தீட்டினாலும் எடுத்த நிறம் வரவில்லை.
காரணம்: ஒபாசிட்டியை 2, 3 என்று வைத்தது. 8 பிட் படத்தில் நிறம் 0 முதல் 255 வரையான முழு எண்களில்தான் பதிவாகும். மிகக் குறைந்த ஒபாசிட்டியில் மாற்றம் அரை எண்ணுக்கும் கீழே போய், கணக்கில் சேராமலே விழுந்துவிடும்.
தீர்வு: பிரஷ் ஒபாசிட்டியை 10-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அவ்வளவு மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் லேயர் ஒபாசிட்டியைக் குறையுங்கள்.

தவறு: நிழல் அழுக்காக இருக்கிறது.
காரணம்: எல்லாவற்றுக்கும் கறுப்பு.
தீர்வு: அந்தந்தப் பொருளின் நிறத்துக்கு அருகிலுள்ள அடர்நிறத்தை எடுங்கள். மஞ்சளுக்குச் செங்காவி, பச்சைக்கு நீலப்பச்சை, மண்ணுக்கு ஊதா சாய்ந்த பழுப்பு.

தவறு: படம் முழுதும் மங்கலாக, பிடிப்பில்லாமல் இருக்கிறது.
காரணம்: 100-ஐத் தொடாமல் எல்லாவற்றையும் நடுத்தர ஒபாசிட்டியில் செய்தது.
தீர்வு: படத்தில் மூன்று இடங்களையாவது 100-இல் கூர்மையாக்குங்கள்.

தவறு: அழிப்பான் முழுதாக அழிக்கவில்லை, பேய்க்கறை நிற்கிறது.
காரணம்: அழிப்பானுக்கும் ஒபாசிட்டி உண்டு. பிரஷ்ஷைக் குறைத்தபோது அதுவும் குறைந்திருக்கலாம்.
தீர்வு: அழிக்கும் முன் எண்ணை 100-க்கு ஏற்றுங்கள்.

தவறு: திரையில் அழகாக இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டது.
காரணம்: திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது. 15-இல் போட்ட மெல்லிய வேறுபாடுகள் அச்சில் முதலில் மறையும்.
தீர்வு: ஃப்ளெக்ஸுக்கோ அழைப்பிதழுக்கோ கொடுக்கும் முன் சிறு அளவில் ஒரு மாதிரி அச்செடுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு

கண்ணுக்கு: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். இருட்டறையில் திரையை மட்டும் பார்த்து வரையாதீர்கள்.

நிறத்துக்கு: நிறம் தீட்டும்போது நைட் லைட், நீல ஒளி வடிகட்டி, தானியங்கி வெளிச்சம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரை பழுப்பேறியிருக்கும்போது தீட்டிய மஞ்சள், மறுநாள் காலையில் வேறு மஞ்சளாக இருக்கும்.

கைக்கு: 40-இல் மணிக்கட்டால் தேய்த்துக்கொண்டே இருப்பது மணிக்கட்டு வலிக்கு வழி. நீளத் தீற்றலுக்கு முழங்கையிலிருந்து கையை அசையுங்கள். விரல் மரத்துப்போனாலோ வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கோப்புக்கு: ஒவ்வொரு படி முடிந்ததும் புதிய பெயரில் சேமியுங்கள்: வாணியாறு-1, வாணியாறு-2 என்று. லேயர் உள்ள மூலக் கோப்பை எப்போதும் வைத்திருங்கள். ஜேபெக்காக மட்டும் சேமித்தால் லேயர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒபாசிட்டியைத் திரும்ப மாற்ற வழியே இல்லை. மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லாமல் நீண்ட வேலை செய்யாதீர்கள். இடி மின்னலின்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

நேரில் பார்த்து வரையப் போனால்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிடும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஆற்றோரத்திலும் மதகுப் பக்கத்திலும் உட்கார வேண்டாம். மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டில் வந்து வரையுங்கள்.

முடிக்கும் முன் சரிபாருங்கள்

□ அடிநிறம் எல்லா இடத்திலும் 100-இல் இருக்கிறதா? வானம் லேயரை ஒரு கணம் கடும் சிவப்பாக்கிப் பாருங்கள். எங்காவது சிவப்புக் கசிந்தால் ஓட்டை இருக்கிறது.
□ ஒரே இடத்தில் 40-இன் தீற்றல் நான்கைத் தாண்டவில்லையே?
□ கறுப்பு எங்கும் நிழலாக வரவில்லையே?
□ கூர்மையான ஓரம் மூன்று இடத்திலாவது இருக்கிறதா?
□ மூலக் கோப்பு சேமிக்கப்பட்டதா?

அடுத்த அத்தியாயத்தில் மல்டிப்ளை உள்ளிட்ட லேயர் மோடுகளைப் பார்ப்போம். அதற்குப் போகும் முன், இதே படத்தைக் காலை ஒளியில் இன்னொரு முறை தீட்டுங்கள். சூரியன் கிழக்கே இருப்பதால் இந்த முறை மலையின் முகத்தில் ஒளி விழும், மடிப்புகள் தெளிவாகத் தெரியும், மூட்டம் குறையும். ஒபாசிட்டி நிறத்தின் அளவை மட்டுமே சொல்லும், சரியான நிறத்தை அது எடுத்துத் தராது. ஆகவே முதலில் நிறத்தை முடிவுசெய்யுங்கள், பிறகு எண்ணை வையுங்கள், கடைசியாகப் பேனாவைத் திரையில் வையுங்கள். இந்த வரிசை மாறாதவரை, மூன்று எண்களை வைத்துக்கொண்டே எந்தப் படத்தையும் தீட்டலாம்.